கணிதம் யாருக்குச் சொந்தம்?

"உங்கடை பிள்ளைக்குக் கணக்கு ஓடாது அம்மா. பேசாமல் கலைப்பிரிவுக்கு விடுங்கோ."

பெற்றோர் கூட்டங்களிலே நம்மிற் பலர் சொல்லும் வாசகம் இது. 'நம்மிற் பலர்' என நாம் எழுதுவது தற்செயலன்று. இக்கட்டுரையை எழுதும் நாமும் கரும்பலகையின் முன்னே பல்லாண்டுகள் நின்றவர்கள். இவ்வாசகத்தை ஒரு தடவையன்று, பல தடவை சொன்னவர்கள். அதைக் கேட்ட தாய் மறுவார்த்தை பேசாது தலையைக் குனிந்துகொண்டு சென்றதையும் கண்டவர்கள்.

அத்தாய் எங்கே சென்றாள்? வீட்டிற்குச் சென்றாள். அன்று மாலை அவளுடைய வீட்டுத் திண்ணையிலே ஏலச் சீட்டுக் கூறப்பட்டது. இருபது பேர் சேர்ந்த சீட்டு. ஆளுக்கு மாதம் 5,000 ரூபா. மொத்தம் 1,00,000 ரூபா. மகளின் கலியாணச் செலவுக்காக ஒருத்தி 12,000 ரூபா கழிவுக்குக் கூறி எடுத்தாள். அக்கழிவை இருபது பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 600 ரூபா. ஆகவே இம்மாதம் ஒவ்வொருவரும் கட்டவேண்டியது 4,400 ரூபா. காகிதமுமில்லை, பென்சிலுமில்லை. கண் இமைக்கும் நேரத்திலே தாய் கணக்கைச் சொல்லி முடித்தாள். பக்கத்திலே இருந்து காசை எண்ணி வாங்கியவன் யார்? கணக்கு ஓடாதென்று நாம் தீர்ப்பளித்த அதே பிள்ளை!

ஒருவருக்குக் கணக்கு 'ஓடாது' என்பது வைத்தியர் கூறும் நோய்நிருணயம் போன்றதொரு விஞ்ஞான உண்மையா? அன்றி, நீதிமன்றத் தீர்ப்புப் போன்றதொரு சமூகச் செயலா? நோய்நிருணயமாயின் அதற்குப் பரிகாரந் தேடப்படும். தீர்ப்பாயின் தண்டனை வழங்கப்படும். நாம் பரிகாரந் தேடுவதில்லை, தண்டனையே வழங்குகிறோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே 35 புள்ளி என்னும் கோட்டிற்குக் கீழே விழுந்த பிள்ளைக்கு, ஏனைய பாடங்கள் எட்டிலும் எத்துணை திறமை இருப்பினும், உயர்தர வகுப்பின் வாயில் எளிதிலே திறப்பதில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கான விண்ணப்பப் பத்திரங்களிற் பெரும்பாலானவை அதே கோட்டைக் காட்டி அப்பிள்ளையைத் திருப்பி அனுப்புகின்றன. ஒரு பாடத்தை நாம் ஒரு வாயிலாக்கிவிட்டோம். பின்னர் வாயிற்காவலராக நின்று, வெளியே நிற்போரைப் பார்த்து 'உனக்கு மூளை இல்லை' என்கிறோம்.

இவ்வாறு வெளியே நிற்போர் யார்? நகரக் கல்லூரியிற் படிக்கும் அதிகாரியின் மகனா? அவனுக்குங் கணிதத்திலே தடுமாற்றம் உண்டு. ஆனால் அவன் தடுமாறினால் ஓர் ஆசிரியர் வீட்டிற்கு வருவார். அவருக்கும் விளங்கப்படுத்த முடியாவிடின் இன்னொருவர் வருவார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தடுமாறினால் யார் வருவார்? வன்னியிலே மீள்குடியேறிய கிராமத்துப் பிள்ளைக்கு யார் வருவார்? ஓராண்டிலே மூன்று கணித ஆசிரியர்கள் மாறிச்சென்ற வகுப்பிலிருந்தும், கணித ஆசிரியரே இன்றிச் சமயபாட ஆசிரியர் 'பார்த்துக்கொண்ட' வகுப்பிலிருந்தும் வந்த பிள்ளையை, மற்றப் பிள்ளையோடு ஒரே வினாத்தாளின் முன்னே இருத்திவிட்டு, கிடைத்த பெறுபேற்றை 'இயற்கைத் திறமை' என்று பெயரிட்டு அழைக்கிறோம். பட்டினி கிடந்தவனையும் விருந்துண்டவனையும் ஓடவிட்டு, முந்தியவனின் காலைப் புகழ்வது போன்றது இது.

இந்நிலைமை நேற்று முளைத்ததன்று.

தமிழர் எண்ணை அறியாதவரல்லர். நம் முன்னோர் முந்திரி என்றனர், அது 1/320. காணி என்றனர், அது 1/80. மா என்றனர், அது 1/20. நெல்லையும் நிலத்தையும் கூலியையும் அளப்பதற்குப் பிறந்த பின்னங்கள் இவை. திண்ணைப் பள்ளியிலே எண்சுவடி கற்ற பிள்ளைகள் இவற்றை மனனஞ் செய்தனர். ஆனால் திண்ணையில் அமர்ந்தவர் யார்? நிலத்தை அளப்பித்தவரின் பிள்ளைகளும் கணக்கெழுதியோரின் பிள்ளைகளுமே பெரும்பாலும் அமர்ந்தனர். அந்நிலத்திலே உழைத்து, அளந்து போடப்பட்ட கூலி நெல்லைப் பெற்றுச் சென்றவனின் பிள்ளைக்கு அத்திண்ணையில் இடமிருக்கவில்லை. அளப்பவனுக்குப் பின்னந் தெரியும். அளந்து கொடுக்கப்படுபவனுக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வே நமது கணிதக் கல்வியின் முதற் பாடம்.

ஆங்கிலேயர் ஆட்சி இவ்விடைவெளியை மூடவில்லை. வேறொரு பூட்டை மாட்டியது. 1823 இலே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியிலே உயர்கணிதம் போதிக்கப்பட்டது உண்மையே. அங்கு பயின்ற கறல் விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதி 1855 இலே நூலாக வெளியிட்டார். தமிழிலே கணிதத்தைச் சொல்ல முடியாது என்று இன்றும் முணுமுணுப்போர் இந்த ஆண்டை மறந்துவிடலாகாது. எனினும், பொதுவாகக் குடியேற்ற ஆட்சிக்கு வேண்டியிருந்தது சிந்திப்பவனல்லன். கூட்டிக் கழித்துப் பேரேட்டை ஒப்பேற்றும் எழுதுவினைஞனே. 'ஏன்' என்று கேளாது 'எவ்வாறு' என்பதை மட்டுஞ் செய்து முடிப்பவனே நல்ல எழுதுவினைஞன். அந்த இலட்சியத்துக்கேற்பவே நமது கணித வகுப்பு அமைக்கப்பட்டது. ஆட்சி போயிற்று, வகுப்பு இன்னும் போகவில்லை.

இடையிலே மக்கள் போராடிப் பெற்றவை பல. 1929, 1930 ஆம் ஆண்டுகளிலே, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, அதைப் பொறுக்காது பாடசாலைகளுக்குத் தீ வைத்தோரும் இருந்தனர். அத்தீயையும் கடந்து பிள்ளைகள் வாங்கில் ஏறினர். 1945 இலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1950 களிலும் 1960 களிலும் இடைநிலை வகுப்புகளிற் கணிதமும் விஞ்ஞானமும் தாய்மொழிக்கு மாறின. செம்பக்கம், இருபடிச் சமன்பாடு, தொகையீடு என்ற சொற்கள் கிராமத்துப் பிள்ளையின் நாவிலும் ஏறின. 1960 இன் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. இவை சிறு வெற்றிகளல்ல. ஆயினும் மலையகத் தோட்டப் பாடசாலைகள் இவ்வெற்றிகளுக்கு வெளியே நின்றன. 1970 களிலேதான் அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்க முன்வந்தது. அங்கு ஒரு தலைமுறை முழுவதும் பின்தள்ளப்பட்டது என்பதை நாம் எளிதிலே மறந்துவிடுகிறோம்.

சம ஆசனம் கிடைத்தது. சம கணிதம் கிடைக்கவில்லை. இதுவே நாம் இங்கு எழுப்பும் குற்றச்சாட்டு.

வகுப்பறையின் உள்ளே செல்வோம். மறை எண்ணை மறை எண்ணாற் பெருக்கினால் நேர் எண் வரும் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்கிறது: "ஏன் சேர்?" ஆசிரியர் சொல்கிறார்: "அது விதி. பாடமாக்கு."

இந்த ஒரு கணத்திலே நிகழ்வது யாது? ஒரு பிள்ளையின் பகுத்தறிவு எழுந்து நின்றது. அதிகாரம் அதனை உட்காரச் சொன்னது. ஆனால் விடையோ எளிது. −3 ஐ 3 ஆற் பெருக்கினால் −9. 2 ஆற் பெருக்கினால் −6. 1 ஆற் பெருக்கினால் −3. 0 ஆற் பெருக்கினால் 0. பெருக்கும் எண் ஒன்று குறையும்போதெல்லாம் விடை மூன்று கூடுகிறது. அதே ஒழுங்கு தொடருமாயின் −1 ஆற் பெருக்கினால் என்ன வரும்? வகுப்பு முழுவதும் 'மூன்று' என்று சொல்லும். ஆசிரியர் சொல்லவேண்டியதே இல்லை. இன்னும் ஐயமுள்ள பிள்ளைக்குக் கடனைக் கொண்டு விளக்கலாம்: நாலு ரூபாக் கடன் மூன்றை ஒருவன் தலையிலிருந்து நீக்கினால் அவன் பன்னிரண்டு ரூபா மேலேறுகிறான் அல்லவா? பத்து நிமிட நேரம். அப்பத்து நிமிடங்களை நாம் கொடுப்பதில்லை. ஏனெனில் பாடத்திட்டம் முடியவேண்டும், கடந்தகால வினாத்தாள்கள் செய்யவேண்டும், வலயத்திலே நமது பாடசாலையின் பெறுபேறு உயரவேண்டும்.

பாடங்கள் யாவற்றுள்ளும் கணிதமே மிகவும் சனநாயகமானது என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வரலாற்றிலே ஆசிரியர் சொன்ன ஆண்டைப் பிள்ளை நம்பவேண்டியிருக்கிறது. விஞ்ஞானத்திலே ஆய்வுகூடமில்லாத பாடசாலைப் பிள்ளை புத்தகத்தை நம்பவேண்டியிருக்கிறது. கணிதத்தில் மட்டும் எவரையும் நம்பவேண்டியதில்லை. ஒரு நிறுவலை விளங்கிக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அந்த ஒரு விடயத்திலே உலகத்தின் எந்தப் பேராசிரியருக்கும் சமமாக நிற்கிறது. ஆசிரியர் பிழை விட்டால் "சேர், மூன்றாம் வரி பிழை" என்று சொல்லும் உரிமை அதற்கு உண்டு; ஆசிரியர் அதனை ஏற்கவே வேண்டும். இத்தகைய பாடத்தை எடுத்து, கேள்வி கேட்காது விதிக்குப் பணியும் பயிற்சியாக மாற்றியிருக்கிறோமே, இதைவிடப் பெரிய தலைகீழாக்கம் வேறுண்டா? கணித வகுப்பிலே பதினொரு ஆண்டுகள் 'அது விதி' என்று கேட்டுப் பழகியவன், பின்னர் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் கந்தோரிலும் 'அது விதி' என்று கேட்கும்போது வாய் திறப்பான் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது?

அத்திவாரம் வெட்டும் மேசனைப் பாருங்கள். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் குறிக்கிறார். குறுக்கே 5 அடி சரியாக வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் மூலை செங்கோணம். இது பைதகரசின் தேற்றத்தினது மறுதலையன்றி வேறென்ன? அவருடைய மகள் அதே தேற்றத்தை அப்பியாசக் கொப்பியிலே பத்துத் தடவை எழுதியிருக்கிறாள். ஆனால் தகப்பனின் கையில் உள்ளதும் தன் கொப்பியில் உள்ளதும் ஒன்றென்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. தகப்பனுக்கோ தாம் செய்வது ஏன் சரியாகிறது என்று எவரும் சொல்லவில்லை. கணித வகுப்பிலே 'வர்க்கம்' என்ற சொல்லை நாள்தோறும் உச்சரிக்கிறோம். வகுப்பிற்கு வெளியே உள்ள வர்க்கமே இவ்விருவரையும் இணையவிடாது தடுக்கிறது என்பதைக் காணத் தவறுகிறோம்.

இனி, பகலில் நாம் கொடுக்காத அந்தப் பத்து நிமிடங்கள் எங்கே விற்கப்படுகின்றன என்று பார்ப்போம். மாலையில் ரியூட்டரியிலே விற்கப்படுகின்றன. தகரக் கொட்டகையினுள்ளே நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஒலிபெருக்கியின் முன்னே ஒருவர். மாதக் காசு கட்டிய அட்டையைப் பார்த்து உள்ளே விடும் இன்னொருவர். சட்டப்படி கல்வி இலவசம். நடைமுறையிலே கணிதத்துக்கு விலை உண்டு. சில ஆசிரியர்கள் காலையில் மறைத்து வைத்த 'குறுக்குவழியை' மாலையில் அவிழ்க்கிறார்கள் என்று மக்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு நாம் சினங்கொள்வதிற் பயனில்லை. அப்பேச்சு எப்போதும் பொய்யென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல நம்மால் முடியுமா?

ஆனால் ஆசிரியனைத் தூற்றி முடிப்பதும் எளிய தப்பித்தலே. ஆசிரியர்கள் தமது சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படி கோரி 2021 இலே மாதக்கணக்கிற் போராடவேண்டியிருந்தது. வயிற்றுக்குப் போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, மாலை வேளையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, பின்னர் அவனது ஒழுக்கத்தைப் பற்றி உபதேசிப்பது ஆட்சியாளருக்குக் கைவந்த கலை. குற்றம் தனி மனிதனின் பேராசையில் மட்டும் இல்லை. பொதுக் கல்வியை வாடவிட்டு அதன் வேரிலே தனியார் வியாபாரத்தை வளரவிடும் ஒழுங்கமைப்பிலேயே உள்ளது. ஆசிரியனும் அதனுள் அகப்பட்டவன். ஆயின் அகப்பட்டவன் என்பதனாற் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை.

இவ்வளவுக்கும் கணிதம் ஏழைக்கு எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களுக்கு இரண்டு கணக்குகளைக் காட்டுவோம்.

மலையகத்திலே கொழுந்து நிறுக்கும் இடத்திலே, கூடையின் பாரத்துக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று சொல்லி ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு வெட்டும் வழக்கம் தொழிலாளர் நெடுநாளாக முறையிட்டுவரும் ஒன்று. நிறுவை ஒன்றுக்கு 2 கிலோ. நாளொன்றுக்கு இரு நிறுவை. மாதத்தில் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். வெட்டப்பட்டது 100 கிலோ. நாட்கூலிக்கு 20 கிலோ பறிக்கவேண்டுமென்றிருந்தால், அது முழுதாக ஐந்து நாள் உழைப்பு. இரண்டு கிலோவென்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றுவது, பெருக்கிப் பார்க்கும்போது மாதத்தில் ஐந்து நாட் கூலியாக நிற்கிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்று நெடுங்காலம் போராடி 2021 இலே அதனைப் பெற்ற மக்கள், கையிற் பெற்றதைத் தராசிலே இழக்கலாமா? பெருக்கல் வாய்பாடு அறிந்த ஒருத்தி ஒவ்வொரு நிரையிலும் இருந்தால் தராசுக்கும் பயம் வரும்.

மற்றக் கணக்கு வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் வீடுவீடாக வந்த நுண்கடனைப் பற்றியது. 60,000 ரூபா கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி. பன்னிரண்டு மாதத் தவணை என்று ஓர் உத்தியோகத்தர் சொல்லுகிறார். வட்டி 14,400 ரூபா, மொத்தம் 74,400, மாதம் 6,200 ரூபா. கையொப்பம் இடப்படுகிறது. இங்கே மறைந்திருக்கும் சூழ்ச்சி யாது? அந்தப் பெண் 60,000 ரூபாவை ஆண்டு முழுவதும் வைத்திருக்கவில்லை. மாதந்தோறும் முதலில் 5,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவருகிறாள். முதல் மாதம் அவள் கையிலிருந்த கடன் 60,000. அடுத்த மாதம் 55,000. கடைசி மாதம் வெறும் 5,000. இவற்றைக் கூட்டினால், ஒன்று முதல் பன்னிரண்டு வரையான எண்களின் கூட்டுத்தொகை 78 ஆதலால், 3,90,000. பன்னிரண்டால் வகுத்தாற் சராசரிக் கடன் 32,500 ரூபா மட்டுமே. அதற்கு 14,400 ரூபா வட்டி என்றால் வீதம் நூற்றுக்கு 24 அன்று, 44! வேறு முறையிற் கணித்தாலும் 40 க்குக் கீழே இறங்காது. கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகையைக் காணும் சூத்திரம் நமது பாடப்புத்தகத்திலே உள்ளது. அதே சூத்திரம் ஒரு குடும்பத்தின் கழுத்திலே கிடக்கும் கயிற்றின் நீளத்தையும் அளக்கும் என்று எந்த வகுப்பில் நாம் சொல்லிக் கொடுத்தோம்?

கைத்தொலைபேசியே கணக்குச் செய்துவிடும், பிள்ளை ஏன் கற்கவேண்டும் என்று இன்று சிலர் கேட்கின்றனர். பொறி கூட்டும், பெருக்கும். ஆனால் எதைப் பெருக்கவேண்டுமென்று அதனிடம் கேட்கத் தெரியாதவனுக்கு அது துணையன்று. அந்தக் கடன்காரனிடமும் ஒரு பொறி இருந்தது. கேள்வி அவனுடையது, ஆகவே விடையும் அவனுடையதாயிற்று.

இன்னுஞ் சில மறுப்புகளுக்கு விடை கூறவேண்டும்.

கணிதம் பிறவி மேதைகளுக்கே உரியது என்போர் கும்பகோணத்து இராமாநுஜனைக் காட்டுவர். நாமும் அவரையே காட்டுவோம். 1903 அளவில் அவர் கையிலே காரின் கணிதத் தொகுப்பு நூல் ஒன்று அகப்பட்டது. அதிலிருந்தே அவரது தனிப்பாதை திறந்தது. அந்நூல் அகப்படாத இராமாநுஜன்கள் எத்தனை பேர்? அதே இராமாநுஜனைக் கல்லூரிப் பரீட்சை ஏனைய பாடங்களுக்காகத் தோற்கடித்து வெளியேற்றியது என்பதையும் மேதை வழிபாட்டினர் மறைத்துவிடுகின்றனர். மேதைமை ஒரு விதை எனின் நூலகமும் ஓய்வும் உணவும் அதன் மண். மண்ணைப் பற்றிப் பேசாது விதையை மட்டும் பூசிப்பது, மண்ணைத் தமதாக்கி வைத்திருப்போருக்கு மிகவும் வசதியான சமயம்.

பாடத்திட்டத்தை மாற்றினாற் போதும் என்போருக்கு வரலாறு விடை கூறும். 1957 இலே சோவியத் ஒன்றியம் செயற்கைக் கோளை விண்ணிலே செலுத்தியதும் அமெரிக்கா பதைபதைத்துப் 'புதிய கணிதத்தை'த் தன் பாடசாலைகளிற் புகுத்தியது. அலை உலகெங்கும் பரவியது. நமது நாட்டிலும் 1972 இன் சீர்திருத்தங்களோடு அக்காலத்திலே தொடைகளும் தாயங்களும் வகுப்புக்கு வந்தன. கருத்துகள் தீயனவல்ல, ஆழமானவை. ஆயினும் ஆசிரியருக்குப் போதிய பயிற்சியின்றி, பிள்ளையின் அனுபவத்தோடு தொடர்பின்றி, மேலிருந்து இறக்கப்பட்டவை அவை. ஈற்றில் என்ன நடந்தது? பழைய விதிகளோடு புதிய குறியீடுகளையும் பிள்ளை பாடமாக்கியது. 'ஏன்' என்ற கேள்விக்கு இடங்கொடாத வகுப்பிலே எந்தப் புதிய கணிதமும் பழைய கணிதமே.

கட்டாயக் கணிதத்தை நீக்கிவிடுவோம், பிள்ளைகள் விடுதலை பெறட்டும் என்பது மூன்றாவது குரல். நல்ல மனத்தோடு எழும் குரல் இது. ஆதலால் மரியாதையோடு மறுக்கிறோம். ஒரு பரீட்சையின் ஒரு பாடத்தாற் பிள்ளையின் வாழ்வை அடைத்துவிடும் பூட்டை நாமும் எதிர்க்கிறோம். 2017 இலே தொடங்கப்பட்ட பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் சாதாரண தரத்தில் தவறியோருக்கும் தொழிற்கல்வி வழியைத் திறக்க முயன்றது. அந்த அளவில் அதனை வரவேற்கிறோம். ஆனால் பூட்டை உடைப்பது வேறு, வீட்டை இடிப்பது வேறு. கணிதத்தை விருப்பப் பாடமாக்கினால் அதை விட்டுவிடுவோர் யார்? நகரக் கல்லூரிகள் விடா. ஆசிரியரில்லாத பாடசாலைகளே விடும். அதிகாரிகளும் ஆறுதலாக மூச்சு விடுவர். இல்லாத ஆசிரியரைத் தேடும் தொல்லை நீங்கிவிடும் அல்லவா? பசித்தவனுக்குச் சோறு கொடுக்க இயலாமையை, உண்ணாதிருக்கும் சுதந்திரம் என்று அழைப்பது முற்போக்காகாது.

நான்காவது மறுப்பு வெளியிலிருந்து வருவதன்று. நம் அணிக்குள்ளிருந்தே வருவது. நமது இலக்கியக் கூட்டங்களிலே "எனக்குக் கணக்கு என்றால் ஆகாது" என்று பெருமையோடு சொல்லிச் சிரிக்கும் எழுத்தாளரைக் கண்டிருக்கிறோம். எழுத்தறியாமையை எவரும் மேடையிலே பெருமையாகப் பேசுவதில்லை. எண்ணறியாமை மட்டும் கலையுள்ளத்தின் அடையாளமாகிவிட்டது! சமூகத்தைப் பொருளாதார அடிப்படையில் ஆராயவேண்டும் என்போர் வட்டியையும் கூலியையும் கணிக்கத் தெரியாதிருப்பது நகைப்பிற்குரியதன்றோ? டி. டி. கோசாம்பி கணிதப் பேராசிரியர். பண்டைய வெள்ளி நாணயங்களை நிறுத்து, புள்ளிவிவர முறையால் அவற்றின் வரலாற்றை வாசித்தவர். இந்திய வரலாற்றையே மார்க்சிய நோக்கில் மீள எழுதியவர். இங்கிலாந்திலே லான்சலட் ஹொக்பென் என்ற சோசலிச விஞ்ஞானி 1936 இலே பொதுமக்களுக்கென்றே ஒரு பெரிய கணித நூலை எழுதினார். அவர்களுக்குக் கணிதம் எதிரியின் மொழியாகத் தோன்றவில்லை.

இன்னொரு மனிதரையும் நினைவுகூர்வோம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே 1960 களிற் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியவைக்க உயிரைப் பணயம் வைத்துப் போராடியவர் பொப் மோசஸ். அவர் கணித ஆசிரியர். பிற்காலத்திலே, 1982 இலே, அட்சரகணிதத் திட்டம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2021 இலே இறக்கும்வரை அப்பணியை விடவில்லை. வாக்குரிமை இல்லாதவன் எவ்வாறு சமூகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டானோ, அவ்வாறே அட்சரகணிதம் கிடைக்காதவன் இன்றைய பொருளாதாரத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறான் என்பதே அவர் வாதம். அவர் பிள்ளைகளைப் புகையிரதத்தில் ஏற்றிச் சென்றார். கடந்த நிலையங்களை வரையச் செய்தார். அதிலிருந்து நேர் எண்ணும் மறை எண்ணும் பிறந்தன.

நம்மால் இது இயலாததா? அட்டன் நிலையத்தைப் பூச்சியமாகக் கொள்ளுங்கள். பதுளைத் திசையிலே கொட்டகலை 1, தலவாக்கலை 2, வட்டகொடை 3. கண்டித் திசையிலே ரொசல்ல −1, வட்டவளை −2. வட்டவளையிலிருந்து தலவாக்கலைக்கு எத்தனை நிலையம்? 2 இலிருந்து −2 ஐக் கழித்தால் 4. மறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று தோட்டத்துப் பிள்ளைக்கு இனி எவரும் விதி சொல்லவேண்டியதில்லை; அது அந்த வண்டியிலே போய்வந்த பிள்ளை.

ஆகவே நாம் கோருவன சில உண்டு. பயிற்சி பெற்ற கணித ஆசிரியர் முதலிற் பின்தங்கிய பாடசாலைக்கு; பின்னரே வசதி படைத்த கல்லூரிக்கு. சித்தியடைந்தோரின் படங்களைப் பதாகையிலே தொங்கவிட்டுத் தவறியோரை நாணச் செய்யும் வழக்கம் ஒழிக. விடையோடு காரணத்துக்கும் புள்ளி வழங்கும் வினாத்தாள் வருக. ஆசிரியனின் மாலையைச் சந்தைக்கு அனுப்பாத சம்பளம் வருக. இவை அரசிடம் கேட்பன; தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இவற்றையும் கேட்கவேண்டும். சம்பளத்துக்கு மட்டும் வீதியில் இறங்கும் சங்கத்தை மக்கள் தமது சங்கம் என்று கருதமாட்டார்கள்.

அரசு தரும்வரை காத்திருக்கவேண்டியதில்லாதனவும் உண்டு. நமது ஊர்களிலே வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. பலவற்றிலே பத்திரிகையும் கரம் பலகையும் மட்டும் மிஞ்சியுள்ளன. வாரத்தில் ஒரு மாலை, காசு வாங்காது, அங்கே கணிதம் நடக்கட்டும். பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது முன்வரட்டும். பிள்ளைகளோடு தாய்மாரும் வரட்டும். கடன் அட்டையையும் சம்பளத் துண்டையும் கொண்டு வரட்டும். சீட்டுக் கணக்கைத் தாய் விளக்கட்டும். அதனை அட்சரகணிதமாகப் பிள்ளை எழுதட்டும். யார் ஆசிரியர், யார் மாணவர் என்ற எல்லை அங்கே சற்று மங்கினால் அதனால் நட்டம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னே, எந்தச் சுற்றறிக்கையுமின்றி நாளைக் காலையே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பெற்றோர் கூட்டத்திலே அந்தத் தாய் மீண்டும் நம் முன்னே வந்து அமர்வாள். இம்முறை அந்த வாசகத்தைச் சொல்லாதிருப்போம். "உங்கடை பிள்ளைக்கு நாங்கள் இன்னும் சரியாய்ப் படிப்பிக்கேல்லை அம்மா" என்று உண்மையைச் சொல்வோம். சொல்வதற்குக் கூச்சமாகவே இருக்கும். ஆயினும் சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பும்போது, பின்வாங்கிலிருந்து 'ஏன் சேர்?' என்ற குரல் எழுந்தால், நமது கை கரும்பலகையை நோக்கிச் செல்லும்.